பழைய அமெரிக்கச் செப்புக் காசுகள்: அபூர்வ அச்சு ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

1794இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த ஒரு சென்ட் காசுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால், முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முன்பக்கம் கூந்தலை அவிழ்த்துவிட்டு வலப்பக்கம் பார்க்கும் சுதந்திர தேவி. தலைக்குப் பின்னால் ஒரு கோல், அதன் நுனியில் ஒரு தொப்பி. பின்பக்கம் இலை வளையம், அதற்குள் மதிப்பு, அடியில் 1/100 என்ற பின்னம். கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். ஒன்றில் 4 சாய்ந்திருக்கும், மற்றதில் நேராக நிற்கும். ஒன்றில் இலை நுனி ஓர் எழுத்தின் நட்டநடுவைக் குறிவைக்கும், மற்றதில் இரண்டு எழுத்துகளுக்கு இடையே கிடக்கும். இந்த ஒரே ஆண்டின் சென்ட் காசில் மட்டும் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு. சில ரகங்கள் சந்தையில் எப்போதும் கிடைக்கும். சிலவற்றில் உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பழைய செப்பு என்று இந்தத் துறையில் சொல்வது பெரும்பாலும் 1793 முதல் 1857 வரை வந்த இரண்டு காசுகளைத்தான்: பெரிய சென்ட், அரை சென்ட். பெரிய சென்ட் உண்மையிலேயே பெரியது. தொடக்கத்தில் எடை 208 கிரெய்ன், அதாவது சுமார் 13.5 கிராம். செப்பு விலை ஏறியதால் 1795 இறுதியில் 168 கிரெய்னாக, சுமார் 10.9 கிராமாகக் குறைத்தார்கள். இந்த எடைக் கணக்கு பின்னால் உதவும்.

ஏன் இத்தனை ரகங்கள்?

காசு அடிக்க இரண்டு எஃகு அச்சுகள் வேண்டும், முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. நடுவில் செப்பு வில்லையை வைத்துத் திருகு எந்திரத்தால் அழுத்தினால், அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக எழும். இன்றைய நாணயச்சாலையில் ஒரே மூல அச்சிலிருந்து நூற்றுக்கணக்கான அச்சுகளை எடுத்துவிடலாம். எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 1790களில் பிலடெல்பியாவில் அந்த வசதி அரைகுறையாகத்தான் இருந்தது. தலை உருவத்தை ஒரே தட்டில் பதிக்கலாம். ஆனால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி முத்திரை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஆண்டின் நான்கு இலக்கங்களும் அப்படித்தான். கூந்தல் இழைகளைக் கையால் தீட்டுவார்கள். இலை, காய், காம்பு, நாடா முடிச்சு எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது. பாத்திரக்கடையில் சொம்பில் பெயர் வெட்டித் தருவார்களே, ஒரே ஆள் ஒரே பெயரை இரண்டு சொம்பில் வெட்டினாலும் எழுத்து இடைவெளி ஒன்றாக அமையாது. அதே கதைதான் இங்கேயும்.

அப்புறம் அச்சுகள் சீக்கிரம் கெட்டன. அன்றைய எஃகு நம்பத் தகுந்ததல்ல. பதப்படுத்தும்போதே விரிசல் விடும், அடிக்கும்போது உடையும். முன்பக்க அச்சு உடைந்துவிட்டால், நன்றாக இருக்கும் பின்பக்க அச்சை எறிவதில்லை. அதோடு வேறொரு முன்பக்க அச்சை ஜோடி சேர்த்து வேலையைத் தொடர்வார்கள். ஆக, ஒரு ரகம் என்பது ஒரு குறிப்பிட்ட முன்பக்க அச்சும் ஒரு குறிப்பிட்ட பின்பக்க அச்சும் சேர்ந்த ஜோடி. ஒரே முன்பக்கம் மூன்று நான்கு பின்பக்கங்களோடு வரலாம், ஒவ்வொரு சேர்க்கையும் தனி ரகம். சில ஜோடிகள் மாதக்கணக்கில் உழைத்தன. சில ஜோடிகள் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்று உடைந்துபோனது. பெரும்பாலான அபூர்வ ரகங்கள் பிறந்தது இந்த இரண்டாவது வகையில்.

ஊர் நிலைமையும் இதில் கை வைத்தது. 1793 கோடையில் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் உலுக்கியது. தொப்பி வைத்த சென்டை முதலில் வடிவமைத்த ஜோசப் ரைட் அந்தக் கொள்ளைநோயில்தான் இறந்தார். பிறகு ராபர்ட் ஸ்காட் பொறுப்பேற்றார். பழைய அச்சுகள் அலமாரியில் கிடந்து, வேண்டும்போது வெளியே வந்தன. அதனால்தான் 1798 என்று போட்ட சில காசுகளின் பின்பக்கம் 1796 பாணியில் இருக்கிறது. புது ஆண்டுக்குப் புது அச்சுதான் என்ற கட்டாயம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

செப்பு வில்லைகளும் பல இடங்களிலிருந்து வந்தன. நியூயார்க்கின் தால்போட், ஆலம் அண்டு லீ என்ற வணிக நிறுவனம் வெளியிட்ட செப்பு வில்லைக் காசுகளை வாங்கி, வட்டம் குறைத்து வெட்டி, அவற்றின் மேலேயே அரை சென்ட் அடித்திருக்கிறார்கள். சில 1795, 1797 அரை சென்ட்களில் பழைய எழுத்துகள் இன்னும் அடியில் தெரியும். 1790களின் பிற்பாதியிலிருந்து நல்ல வில்லைகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மேத்யூ போல்டனிடமிருந்து வந்தன. அதே போல்டனின் சோஹோ ஆலையில்தான் சென்னை மாகாணத்துக்கான 1803, 1808 செப்புக் காசுகளும் அடிக்கப்பட்டன. 1809இல் இங்கிலாந்துக் கரையோரம் முழுகிய அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிடைத்த 10 காசு, 20 காசு நாணயங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலைத்தரம் தெரியும். பிலடெல்பியாவின் சொந்தத் தயாரிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்தால் யார் கையில் எந்திரம் பழகியிருந்தது என்று சொல்லவே வேண்டாம்.

எண்கள் எங்கிருந்து வந்தன?

ஒரு விற்பனைப் பட்டியலில் ‘1794 எஸ்-48’ என்று போட்டிருந்தால் புதியவர் மிரண்டுபோவார். மிரள ஒன்றுமில்லை. எஸ் என்பது வில்லியம் ஷெல்டனைக் குறிக்கிறது. 1793 முதல் 1814 வரையான சென்ட் ரகங்களுக்கு 1 முதல் 295 வரை அவர் எண் போட்டு 1949இல் வெளியிட்டார். இன்று காசின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடுகிறார்களே, அந்த அளவுகோலும் இந்தச் செப்புக் காசுகளுக்காக அவர் போட்டதுதான்.

அவருக்கு அப்போது மிகச் சில பிரதிகளே தெரிந்திருந்த ரகங்களைச் சேகரிக்க முடியாதவை என்று ஒதுக்கி, ‘என்சி’ என்று தனி வரிசையில் வைத்தார். பிறகு தேடத் தேடச் சில என்சி ரகங்களில் நிறைய காசுகள் வெளிவந்தன. ஆனாலும் பழைய எண் மாறவில்லை. எனவே என்சி என்ற எழுத்தைக் கண்டதும் மூன்றே காசுதான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மறுபக்கம், நிஜமாகவே கிடைக்காதவையும் அங்கேதான் இருக்கின்றன. 1793இன் ‘ஸ்ட்ராபெர்ரி இலை’ சென்ட் அப்படி ஒன்று. ஆண்டுக்கு மேலே உள்ள சிறு இலைக்கொத்து மற்ற காசுகளில் இருப்பதுபோல் இல்லாமல் வேறு வடிவத்தில் இருக்கும். தெரிந்தவை மொத்தம் நான்கு, நான்கும் தேய்ந்தவை.

1816 முதல் 1857 வரையான சென்ட்களுக்கு ஹாவர்ட் நியூகோம் 1944இல் போட்ட எண்கள். அரை சென்ட்களுக்கு ரோஜர் கோஹன் 1971இல் போட்ட எண்கள். முன்னே எழுதும் எழுத்தைப் பார்த்தால் யார் எண் என்று புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்களுக்கெல்லாம் முன்னோடி, பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ். 1869இல் 1794 சென்ட்களை முதன்முதலாக ரகம் பிரித்தவர். அவர் எண்ணோடு நிற்கவில்லை. பல ரகங்களுக்குப் பெயரும் வைத்தார். இரட்டை முகவாய், சாய்ந்த 4, பாதமில்லாத 4, கோணல் 7, பட்டகோனியன், இன்னும் மயக்கும் முகம், மினுக்குக்காரி என்றெல்லாம். சிரிப்பாக இருந்தாலும் வேலைக்கு ஆகும் பெயர்கள். அவர் கண் எங்கே நின்றது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது, நாமும் அங்கே பார்த்தால் போதும்.

எங்கே பார்ப்பது?

புதியவர்கள் பெரும்பாலும் விசித்திரத்தைத் தேடுகிறார்கள். எழுத்துப் பிழை, தலைகீழ் இலக்கம், கூடுதல் நட்சத்திரம் மாதிரி. அவை இருக்கத்தான் செய்கின்றன. 1796இன் ஒரு சென்டில் பி எழுத்தை முதலில் தலைகீழாகத் தட்டிவிட்டுச் சரிசெய்ததால் முன்பக்கத்தில் தலைக்கு மேலுள்ள ‘லிபர்டி’ (சுதந்திரம்) என்ற சொல் ‘லிஹெர்டி’ மாதிரி தெரியும். 1801இன் ஒரு பின்பக்க அச்சில் மூன்று பிழைகள் ஒன்றாக வந்தன: பின்னம் 1/100க்குப் பதில் 1/000, வளையத்துக்கு ஒரு காம்பு இல்லை, ‘யுனைட்டெட்’ என்பதன் முதல் எழுத்து யூவுக்குப் பதில் இரண்டு ஐ போல நிற்கும். 1817இல் பதின்மூன்று நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து வந்த அச்சு ஒன்று உண்டு. இவையெல்லாம் பிரபலம். ஆனால் பிரபலமாக இருப்பதாலேயே ஒவ்வொரு வியாபாரியும் இவற்றைப் பார்த்ததும் எடுத்துவைத்துவிடுவார். கவனிப்பாரற்றுக் கிடக்கும் அபூர்வ ரகம் பொதுவாகப் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். அதை மற்றவற்றிலிருந்து பிரிப்பது ஓர் இலை நுனி எங்கே முடிகிறது, ஓர் இலக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டும்தான்.

எனவே அழகையோ விசித்திரத்தையோ பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். எது எதற்கு நேராக இருக்கிறது, எது எதைத் தொடுகிறது, எது எதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. இந்த முறைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. காசு தேய்ந்து கூந்தல் மழுங்கிப் போனாலும், எழுத்தின் உச்சி மட்டும் தெரிந்தாலும், இடம் மாறுவதில்லை. முகமே தெரியாத அளவு தேய்ந்த காசையும் லிபர்டி என்பதன் நான்கு எழுத்தும் ஓர் இலக்கமும் வைத்துச் சொல்லிவிடலாம்.

முதலில் வடிவ வகையைத் தீர்மானியுங்கள், அதிலேயே பாதி வேலை முடியும். 1793இன் சங்கிலி, அதே ஆண்டின் இலைவளையம், 1793 முதல் 1796 வரை தொப்பி, 1796 முதல் 1807 வரை துணி போர்த்திய மார்பளவு உருவம், 1808 முதல் 1814 வரை ஜான் ரைக் வடித்த தலைப்பட்டி முகம், 1816 முதல் கிரீடம் சூடிய தலை, 1839 முதல் பின்னிய கூந்தல். 1815 என்ற ஆண்டிட்ட சென்ட் இல்லை. பிறகு ஆண்டு. 1804க்கும் 1809க்கும் ஒவ்வொரு ரகம்தான்; 1814க்கு இரண்டு, ஒன்றில் 4இன் குறுக்குக்கோட்டு நுனியில் சிறு குத்துக்கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. 1798க்கோ நாற்பதுக்கும் மேல். எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து வேலை ஒரு நிமிடமா ஒரு மாலையா என்று தெரிந்துவிடும்.

முன்பக்கத்தில் ஆண்டில் தொடங்குவது நல்லது. இலக்கங்களுக்கு இடையே இடைவெளி சமமா, முதல் 1 கூந்தலின் கடைசிச் சுருளைத் தொடுகிறதா, கடைசி இலக்கம் துணி மடிப்பில் ஏறுகிறதா. பிறகு லிபர்டி: எல் எழுத்து எவ்வளவு விலகி நிற்கிறது, எந்த எழுத்து தூக்கலாக, எது சாய்ந்து இருக்கிறது. பின்பக்கத்தில் காய்களை எண்ணுங்கள், இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை. உச்சியில் உள்ள இலை நுனிகள் ‘ஸ்டேட்ஸ்’, ‘ஆஃப்’ சொற்களின் எந்த எழுத்துக்கு அடியில் முடிகின்றன என்று பாருங்கள். கடைசியாகப் பின்னம்: கோடு எந்தப் பக்கம் நீள்கிறது, மேலே உள்ள 1 எந்த 0வுக்கு மேல் நிற்கிறது, நாடா நுனி எங்கே இறங்குகிறது. பின்னம் சீக்கிரம் தேயும் பகுதி, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

1803 சென்டை எடுத்துக்கொள்ளுங்கள், பழகுவதற்கு இதைவிட நல்ல ஆண்டு கிடையாது. நிறைய அடித்த ஆண்டு, தேய்ந்த காசுகள் பெரிய விலை இல்லை. முதல் கேள்வி, ஆண்டு சிறியதா பெரியதா? சிறிய ஆண்டில் 1இன் தலை மொட்டையாக இருக்கும். பெரிய ஆண்டில் 1இன் தலை கூராகவும், 3 கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகவும் இருக்கும். இரண்டாவது கேள்வி, பின்பக்கத்தில் பின்னம் சிறியதா பெரியதா? நான்கு சேர்க்கைகள் வருகின்றன. அதில் பெரிய ஆண்டும் சிறிய பின்னமும் சேர்ந்து வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அது எஸ்-264, மற்ற மூன்று சேர்க்கைகளைவிடக் கிடைப்பது கடினம். இந்த ரகத்துக்குப் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை, 1இன் தலையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

சில ரகங்களில் ஓரத்தையும் பார்க்க வேண்டும். 1795 வரையான பெரும்பாலான தடித்த சென்ட்களின் ஓரத்தில் ‘நூறு சேர்ந்தால் ஒரு டாலர்’ என்ற பொருளில் எழுத்துகள் ஓடும். எடையைக் குறைத்து வில்லை மெலிந்ததும் ஓரம் வெறுமையானது. இலைவளைய சென்ட்களில் ஒரே அச்சு ஜோடி கொடி ஓரத்தோடும் வரும், எழுத்து ஓரத்தோடும் வரும். ஷெல்டன் எண்ணோடு ஏ, பி, சி என்று ஒட்டியிருப்பது இதைத்தான் சொல்கிறது. 1795இல் ஓரம் முழுக்கக் கீற்று போட்ட ஒரு சென்ட் உண்டு, எஸ்-79. பத்துக்கும் குறைவாகவே தெரிய வந்திருக்கின்றன. படத்தில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் பார்த்து வாங்குபவர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

காசின் முகத்தைச் சுற்றி வரிசையாக ஓடும் சிறு மேடுகளான விளிம்புப் பற்களும் விட்டுவிடக் கூடிய இடம் இல்லை. 1794 எஸ்-48இல் பின்பக்க விளிம்பின் பற்களுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்கள் சுற்றி ஓடுகின்றன. ஏன் அப்படி ஓர் அச்சு செய்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு, ஆதாரத்தோடு ஒன்றும் இல்லை. மாரிஸ் பட்டியல் போட்டபோது இந்த ரகம் அதில் இல்லை, பிற்பாடுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை கண்கள் பார்த்தும் அந்த நட்சத்திரங்கள் தப்பித்திருந்தன.

மேடா பள்ளமா?

காசில் ஒரு கோடு தெரிகிறது. அது அச்சிலிருந்து வந்ததா, பிறகு யாரோ கீறியதா? மேடாக இருந்தால் அச்சின் வேலை, பள்ளமாக இருந்தால் உலகத்தின் வேலை. அச்சில் விரிசல் விட்டால் செப்பு அதற்குள் பிதுங்கி, காசில் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் காசில் வடிவமில்லாத கட்டி எழும்பும். அச்சு துருப்பிடித்தால் காசில் பொரிப்பொரியாகத் தெரியும். காசே மண்ணில் கிடந்து அரித்தால் குழிகள்தான் விழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெதுவாகத் திருப்பினால் நிழல் விழும் பக்கம் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் மோதிவிட்டால் ஒன்றின் உருவம் மற்றதில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அடித்த காசுகளில் தேவியின் முகத்துக்கு முன்னால் இலை வளையத்தின் நிழல் தெரியும். 1807இன் ஒரு ரகத்தில் தலைக்குப் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு கீற்று, அச்சில் ஏற்பட்ட சேதத்தால் வந்தது. அதன் பெயரே வால்நட்சத்திர சென்ட் ஆகிவிட்டது. 1804 அரை சென்டில் இதைவிட வேடிக்கை. ஏதோ ஒரு கடினமான பொருள் அச்சில் பட்டு, தேவியின் முகவாயிலிருந்து ஒரு முள்ளும் வாயிலிருந்து நாக்கும் நீட்டியிருக்கும். அந்த முள்முகவாய் அச்சு ஒன்றுக்கு மேற்பட்ட பின்பக்கங்களோடு வந்தது. அவற்றில் ஒன்று எளிதில் கிடைக்கும், மற்றவை அவ்வளவு எளிதில் கிடைக்காது. முள்ளைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய்ப் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

விரிசல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், ஒரே ரகத்தின் காசுகளை அடித்த வரிசையில் அடுக்கவும் முடியும். முதலில் விரிசல் இல்லாதது, பிறகு மெல்லிய கோடு, கடைசியில் ஓரம் உடைந்தது. 1804 சென்டின் பிற்காலக் காசுகளில் முன்பக்கம் ஆர், டி, ஒய் எழுத்துகளுக்கு மேலேயும் பின்பக்கம் ‘அமெரிக்கா’ என்ற சொல்லுக்கு மேலேயும் ஓர உடைப்பு தெரியும். ஆனால் விரிசலை வைத்து ரகத்தை முடிவு செய்யக் கூடாது. அது அச்சின் வயதைச் சொல்கிறது. அச்சு எது என்பதை எழுத்தும் இலையும்தான் சொல்ல வேண்டும்.

போலி, திருத்தம், மறு அச்சு

ரகம் பார்க்கத் தெரிந்தால் போலியைப் பிடிக்கவும் தெரியும். புதியவருக்கு இதில்தான் முதல் லாபம். 1799 சென்ட் கிடைப்பது அரிது. அதனால் 1798இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கி விற்பது நெடுநாள் வழக்கம். 9ஐ எவ்வளவு நன்றாகச் செதுக்கியிருந்தாலும், மற்ற எழுத்துகளும் இலைகளும் 1798இன் ஒரு ரகத்தோடு அச்சுப்பிசகாமல் பொருந்தினால் அங்கேயே கதை முடிந்தது. 1804க்கு இன்னும் எளிய சோதனை. ஒரே அச்சு ஜோடியில்தான் எல்லாம் அடித்தார்கள். ஆண்டின் 0, மறுபக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ஓ எழுத்துக்கு நேராக இருக்க வேண்டும். 4இன் குறுக்குக்கோட்டு நுனியில் சிறு குத்துக்கோடு இருக்க வேண்டும். பின்னம் பெரியதாக இருக்க வேண்டும். விரல் நுனியால் 0வின் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காசைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

1804 மறு அச்சு என்று ஒன்று 1860களையொட்டி வந்தது. நாணயச்சாலைக்கு வெளியே, பழைய இரும்பாகப் போன அச்சுகளை வைத்துத் தனியார் அடித்தது. 1803இன் முன்பக்க அச்சில் ஆண்டைத் திருத்தி, 1820ஐ ஒட்டிய வேறு பாணிப் பின்பக்கத்தோடு ஜோடி சேர்த்தார்கள். பின்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். தெரிந்தே வாங்கிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் செய்த பிரதிகள் நிறைய. அசலின் எல்லா அடையாளமும் இருக்கும், ஆனால் இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்தவை. ஓரத்தில் ஒட்டிய தடம் தெரியும், எடை பிசகும். அண்மைக்காலத்துப் போலிகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. ஓர் அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து அடிக்கிறார்கள், ரக அடையாளங்கள் எல்லாம் சரியாகப் பொருந்தும். ஆனால் அந்த அசல் காசில் இருந்த கீறலும் குழியும் சேர்ந்தே வந்துவிடும். இரண்டு வேறு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் பள்ளமாக இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே.

படங்களின் மதிப்பு ஷெல்டன் கதையிலேயே இருக்கிறது. ஜார்ஜ் கிளாப் என்ற சேகரிப்பாளர் 1946இல் தன் சென்ட்களை அமெரிக்க நாணயவியல் கழகத்துக்குக் கொடுத்தார். ஷெல்டன் அங்கிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே ரகத்தின் தரம் குறைந்த காசுகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். ரகம் ஒன்றாக இருந்ததால் எண்ணிப் பார்த்தவருக்குச் சந்தேகமே வரவில்லை. 1977இல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் நூற்றுக்கு மேற்பட்ட காசுகள் மாறியிருப்பது நிறுவப்பட்டது. அரிய ரகங்களைப் பிரித்தறியும் முறையை வகுத்தவரே அதை இப்படியும் பயன்படுத்தினார் என்பது இந்தத் துறையில் இன்னும் முணுமுணுக்கப்படும் சங்கதி.

எது அபூர்வம்?

அபூர்வத்தை ஆர்-1 முதல் ஆர்-8 வரை எண்ணால் சொல்வார்கள். இதுவும் ஷெல்டனின் அளவுகோலே. 1250க்கு மேல் மிஞ்சியிருந்தால் ஆர்-1. 201 முதல் 500 வரை ஆர்-3, 31 முதல் 75 வரை ஆர்-5, 13 முதல் 30 வரை ஆர்-6, 4 முதல் 12 வரை ஆர்-7, மூன்றோ அதற்கும் குறைவோ என்றால் ஆர்-8. நாணயச்சாலை எத்தனை அடித்தது என்ற கணக்கு இதில் வராது. இன்று எத்தனை மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது என்பது மட்டும்தான். புதிதாகக் காசு வெளிவந்தால் எண் இறங்கும்.

அபூர்வமும் விலையும் ஒன்றல்ல என்பதை இங்கே புரிந்துகொள்வது நல்லது. 1793 சங்கிலி சென்ட் 36,103 அடித்தார்கள், நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. பின்பக்கம் பதினைந்து மாநிலங்களைக் குறிக்கும் பதினைந்து வளையச் சங்கிலி. சுதந்திரத்தைப் போற்றும் காசில் சங்கிலியா என்று பத்திரிகையில் அப்போதே கிண்டல் வந்தது. அதன் முதல் ரகமான எஸ்-1இல் ‘அமெரிக்கா’ என்ற சொல்லை முழுதும் வெட்டாமல் ‘அமெரி.’ என்று புள்ளி வைத்து நிறுத்தியிருப்பார்கள். இந்த வகையை நாட்டின் முதல் சென்ட் என்பதற்காக எல்லோரும் தேடுகிறார்கள். 2012இல் நல்ல தரத்துச் சங்கிலி சென்ட் ஒன்று 13.8 லட்சம் டாலருக்குப் போனது. 1830களின் ஓர் ஆர்-5 நியூகோம் ரகமோ பத்தில் ஒருவருக்குத்தான் வேண்டும். அதைத் தேடுகிறவர்கள் சிலரே என்பதால் விலையும் அப்படித்தான். பணம் பண்ணுவதற்கு இந்தத் துறைக்கு வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வருவது அவருக்கு நல்லது.

தொடங்குவதற்குப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சாய்க்கக் கூடிய ஒரு மேசை விளக்கு, பத்தில் ஒரு கிராம்வரை காட்டும் தராசு போதும். 1803 போல ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அதன் ரகங்களின் பெரிய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசை எடுத்ததும் பெயர் கண்டுபிடிக்க முயலாமல், பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். முன்பக்கத்தை வைத்து நான்கைந்துக்குக் குறைத்துவிட்டு, பின்பக்கத்தை வைத்து ஒன்றுக்கு வாருங்கள். ஒரு பக்கம் முழுக்கப் பொருந்தி மறுபக்கம் பொருந்தாவிட்டால், இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டாம். அந்த முன்பக்கம் வேறு பின்பக்கங்களோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள், அபூர்வ ஜோடி அங்கேதான் ஒளிந்திருக்கும். செப்பை எதுவும் போட்டுத் துலக்காதீர்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்குச் சரி, 1794 காசில் அதன் பழுப்பு நிறம் போய்விட்டால் பாதி விலையும் கூடவே போய்விடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, எடையைக் குறித்து, காகித உறையில் போட்டு, எண்ணை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பிற்பாடு மாற்ற வேண்டி வரலாம்.